நிலமில்லாதவரின் நிலவரி பாக்கி

சித்தப்பா இறந்து ஆறு வருடம் கழித்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆரணியில் எங்கள் தெருவின் தபால்காரருக்கு எல்லா வீட்டுக் கதையும் தெரியும். பெயரைப் பார்த்துவிட்டு, சித்தியிடம் கொடுக்க மனசு வராமல், அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தறிக்கூடம் கட்டுவதற்காக 2006-ல் சித்தப்பா ஓர் அரசு நிறுவனத்தில் வாங்கிய கடன் அது. வாங்கியது 20,000 ரூபாய். பாதிக்கு மேல் கட்டியிருந்தார். மீதி அசல் 9,000. அதோடு வட்டி, அபராத வட்டி, நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்ந்து 31,400 ஆகியிருந்தது. பதினைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. ஜாமீன்தாரர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்.

அப்பா போனில் படித்துக் காட்டினார். நான் சென்னையில் ஆபீஸ் கேன்டீனில் இருந்தேன். என் மாதச் சம்பளத்தில் அது பெரிய தொகை இல்லை. "இப்பவே கட்டிடறேன் நைனா, ஒரு நிமிஷ வேல" என்றேன்.

"இருடா. கடன் அவங்க வூட்டுது. நீ பாட்டுக்குக் கட்டிட்டா உன் சித்தி இன்னா நெனப்பா?"

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். கடன் வாங்கிக் கட்டிய அதே தறிக்கூடத்தில்தான் சித்தி இன்றும் நெய்கிறார். குழித்தறி. நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "அவரு வாங்குனதுதான். கட்டமாட்டேன்னு சொல்லல கண்ணு. ஆனா இது இன்னா கணக்குன்னு யாராவது வந்து சொல்லணும் இல்ல?"

சித்தி கேட்டது எளிமையான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதில்தான், அரசாங்கம் கடன் வசூலிப்பது என்றால் என்ன என்று நான் முதல்முறையாக யோசித்தேன். அதில் என் பங்கு என்ன என்பதையும்.

*

அந்த அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். அப்பாவை உட்கார வைத்தார். "நான் அனுப்பலைங்க ஐயா. சிஸ்டத்துல இருந்து வந்துடுச்சு" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளே போய் பழைய பதிவேடு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். சித்தப்பாவின் பக்கம். கட்டிய தவணைகளுக்கு எதிரே சிவப்பு மை. கடைசிக் கட்டத்தில் யாரோ ஒரு வசூல் ஆய்வாளரின் கையெழுத்தில் இரண்டு வரி. நேரில் விசாரித்ததாகவும், கடன்தாரர் நெஞ்சு நோயால் தறி ஓட்டவில்லை என்றும், அவகாசம் கேட்கிறார், கொடுக்கலாம் என்றும் எழுதி, தேதி போட்டுக் கையொப்பம் இட்டிருந்தார்.

"இது கம்ப்யூட்டர்ல இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"அதுல இதுக்கு எடம் இல்லைங்க."

எனக்குக் காது சூடானது. ஏனென்றால் அந்த இடத்தை எப்படி இல்லாமல் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன். முந்தைய வேலையில், வேறொரு மாநிலத்தின் நிலுவை வசூல் பதிவேடுகளை மென்பொருளுக்கு மாற்றும் வேலை எங்கள் டீமிடம் வந்தது. பெயர், கணக்கு எண், அசல், வட்டி விகிதம், தவணைத் தேதி. எல்லாம் ஒழுங்கான கட்டங்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். பத்துப் பேர் கையெழுத்து, பாதி புரியாது. தட்டச்சு செய்யும் ஏஜென்சி எழுத்துக்கு இவ்வளவு என்று காசு கேட்டது. இந்தக் கட்டம் எந்தக் கணக்கீட்டிலும் பயன்படவில்லை, விட்டுவிடலாம் என்று நான் ஒரு மெயில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது. அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போனதாகக்கூட ஞாபகம்.

*

அரசாங்கத்துக்குப் பட்ட கடன் மற்றக் கடன்களைப் போன்றது இல்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கடன் தண்டல். பத்தாயிரம் என்று பேசி ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். தண்டல்காரர் பைக்கில் வருவார், கத்துவார், மானத்தை வாங்குவார். ஆனால் சட்டப்படி அவர் கையில் ஒன்றுமில்லை. கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் பொதுவாக மூன்று வருடத்துக்குள் போட்டாக வேண்டும். 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதே சட்டம் அரசாங்கம் தொடுக்கும் வழக்குக்கு 30 வருடம் கொடுக்கிறது.

அதைவிடப் பெரிய வித்தியாசம், அரசாங்கத்துக்கு வழக்கே தேவைப்படாது என்பது. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கும் வருவாய் வசூல் சட்டம் 1864-ல் வந்தது. நிலவரி பாக்கிக்காக எழுதப்பட்டது. பிறகு வந்த பல சட்டங்கள் தத்தம் நிலுவைகளையும் 'நிலவரி பாக்கி போல' வசூலிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டன. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நெசவாளியின் தறிக்கூடக் கடன் நிலவரி பாக்கியாவது இப்படித்தான். இந்தச் சட்டத்தில் கலெக்டர் பாக்கிதாரரின் அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும் ஜப்தி செய்து விற்கலாம். தேவைப்பட்டால் ஆளையே கைது செய்யலாம். கடன் கொடுத்தவர், பாக்கி இருக்கிறது என்று முடிவு செய்பவர், விற்பவர் மூவரும் ஒரே அரசாங்கம்.

கலெக்டர் என்ற சொல்லுக்கே வசூலிப்பவர் என்றுதான் அர்த்தம். தாசில் என்றாலும் வசூல்தான். மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர் என்று நாம் மரியாதையாக மாற்றிக்கொண்டோம். ஆனால் அந்த நாற்காலிகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதைப் பழைய பெயர்கள் மறைக்கவில்லை.

இவ்வளவு அதிகாரம் ஏன் என்று கேட்டால் அதற்கு நியாயமான பதில் இருக்கிறது. தண்டல்காரரின் பணம் அவருடையது. அரசாங்கத்தின் பணம் யாருடையதும் இல்லை, எல்லோருடையதும். சித்தப்பா கட்டாத 9,000 அடுத்த தெருவில் இன்னொருவருக்குத் தறிக்கூடமாகியிருக்கலாம். அப்பா இதை அழுத்தமாக நம்புபவர். "சர்க்கார் காசுன்னா சும்மாவா? அதுவும் நாலு பேரு வேர்வதான்" என்பார். அதோடு, கட்டாமல் இருப்பவரை விட்டுவிட்டால் ஒழுங்காகக் கட்டியவர் முட்டாளாகிறார். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதற்கு முந்தைய மாதம் மனைவியின் நகையை அடகு வைத்துத் தவணையை அடைத்தவர் என்ன நினைத்திருப்பார்? அவருக்கு அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே, ஏழை என்றால் விட்டுவிடு என்று சொல்லிக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. கட்ட முடிந்தவர் கட்டத்தான் வேண்டும்.

கேள்வி அதற்கு அடுத்தது. முடிந்தவர் யார் என்று எப்படித் தெரியும்?

*

இந்தக் கேள்வியை நம் நிலத்தில் ஒரு காலத்தில் உடம்பிடம் கேட்டார்கள். 1855-ல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று ஆங்கிலேயர்கள். வரி வசூலிக்க அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்று அதில் வரிசையாக இருக்கிறது. அதிகம் பயன்பட்டவை இரண்டு: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது எலுமிச்சை பிழிவதுபோல விரல்களை நசுக்கும் மரக்கட்டை. அண்ணாந்தாள் என்றால் கழுத்தைக் குனியவைத்துக் காலோடு சேர்த்துக் கட்டி, வெயிலில் நிறுத்துவது. வலி தாங்காமல் பணத்தை எடுத்தால் அவன் இருந்தும் தராதவன். எடுக்காவிட்டால்? அடுத்த நாளும் கட்டுவார்கள். இந்த அறிக்கையை வைத்து 1857-ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார்.

குழு கண்ட முக்கியமான காரணம், வரி வசூலிப்பவரும் போலீஸ் அதிகாரம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருந்தார் என்பது. இரண்டையும் பிரிக்கச் சொன்னது. 1859-ல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. ஐந்து வருடம் கழித்து வந்த வருவாய் வசூல் சட்டம் உடம்பை விட்டுச் சொத்தின் பக்கம் திரும்பியது. எழுத்தில் அறிவிப்பு, பட்டியல், ஏலம், ரசீது. கைதும் இருந்தது. ஆனால் அதற்கு 48-ஆவது பிரிவு ஒரு நிபந்தனை வைத்தது: சொத்தை விற்றும் பாக்கி தீராது என்ற நிலையில், பாக்கிதாரர் வேண்டுமென்றே கட்டாமல் இருக்கிறார் அல்லது மோசடி செய்கிறார் என்று கலெக்டர் நம்பக் காரணம் இருக்க வேண்டும். 1957-ல் மலபார் கலெக்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லும் என்றது.

1908-ன் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு அழகான இடம் இருக்கிறது. 60-ஆவது பிரிவு, நீதிமன்றம் ஜப்தி செய்யக்கூடாதவற்றைப் பட்டியல் போடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள். முதல்முறை படித்தபோது தறியும் நாடாவும்தான் எனக்குக் கண்ணில் வந்தன. பிறகு 1980-ல், ஒரு வங்கிக் கடன் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். வெறுமனே கட்டவில்லை என்பதற்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது, வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுக்கிறாரா என்று பார்க்க வேண்டும், ஏழ்மை குற்றமில்லை என்பது அதன் சாரம்.

சட்டம் நூறு வருடத்துக்கு மேல் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடம் இது. இல்லாததால் தராதவர் வேறு, இருந்தும் தராதவர் வேறு. இரண்டு பேரின் கணக்கிலும் பாக்கித் தொகை ஒன்றாகவே இருக்கும். தொகையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்த்தால்தான் முடியும். அப்படிப் பார்ப்பது அதிகாரி காட்டும் கருணை என்று நாம் நினைக்கிறோம். எனக்கு அது வசூலின் ஒரு பகுதியாகத் தெரிகிறது. முப்பது வருடமும் ஜப்தி அதிகாரமும் வாங்கிக்கொண்ட கடன்காரர், பதிலுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வேலை அது.

*

பார்க்காமல் வசூலித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அரசு உதவித்தொகை வாங்கியவர்கள் அதிகமாக வாங்கிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க 2016-ல் ஓர் இயந்திர முறையை முழு வேகத்தில் ஓட்டினார்கள். ரோபோடெட் என்று பெயர் வந்தது. வேலை எளிது: ஒருவரின் வருட வருமானத்தை எடுத்து, 26 இருவாரங்களால் வகுத்து, ஒவ்வொரு இருவாரமும் அவர் சொன்ன வருமானத்தோடு ஒப்பிடுவது. வித்தியாசம் வந்தால் கடன் நோட்டீஸ். தவறு என்றால் நீதான் நிரூபிக்க வேண்டும், பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டு வா. கோடையில் மூன்று மாதம் வேலை கிடைத்து, மீதி நாள் சும்மா இருந்தவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் ஆனார். 2019-ல் அது சட்டவிரோதம் என்று தெளிவானது. 70 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அரசு திருப்பிக் கொடுத்தது. 2023 ஜூலையில் ராயல் கமிஷன் அறிக்கை வந்தது. அதற்குள் சிலர் உயிரை விட்டிருந்தார்கள். பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் கமிஷன் முன்னால் வந்து சாட்சி சொன்னார்கள்.

அந்த வகுத்தல் ஒரு வரி நிரல். நான் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகியிருக்கும். ஆனால் சித்தியின் வருமானத்தை 26-ஆல் வகுத்துப் பாருங்கள். பாவு முடிந்து புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், இழை ஈரம் வாங்கும், தறி நிற்கும். முகூர்த்த மாதம் ஒரு மாதிரி, ஆடி ஒரு மாதிரி. சராசரி எடுத்தால் வருவது சித்தி ஒருநாளும் கையில் வாங்காத தொகை.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும். அதை நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். நேரில் பார்க்கும் ஆள் கை நீட்டுவான். ஐந்நூறு கொடுத்தவனுக்கு 'அவகாசம் தரலாம்', கொடுக்காதவனுக்கு ஜப்தி. கம்ப்யூட்டருக்கு ஜாதி தெரியாது, லஞ்சம் தெரியாது. உண்மைதான். கிட்டி போட்டவர்களும் முகத்துக்கு நேராகப் பார்த்தவர்கள்தானே. முகம் பார்த்தால் மனசு இளகும் என்பது எப்போதும் நடப்பதில்லை.

ஆனால் அந்தப் பழைய பதிவேட்டை இன்னொரு தடவை நினைத்துப் பார்க்கிறேன். ஆய்வாளர் பார்த்தார், எழுதினார், தேதி போட்டார், பெயர் போட்டார். அவர் பொய் எழுதியிருந்தால் மேலதிகாரி தெருவுக்கு வந்து கேட்டுக் கண்டுபிடிக்கலாம். பதினைந்து வருடம் கழித்து நான் படித்துக் கேள்வி கேட்கலாம். 1855 குழு சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வசூலிக்கும் கை இன்னொரு கையின் பார்வையில் இருக்க வேண்டும். லஞ்சத்துக்குப் பயந்து நான் தூக்கி எறிந்தது, லஞ்சத்தைப் பிடிக்கக்கூடிய ஒரே கட்டத்தை.

இன்னொன்றும் புரிந்தது. ஜப்தியும் ஒட்டுமொத்தத் தள்ளுபடியும் எதிரெதிர் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே வேலையைத் தவிர்க்கின்றன. ஒன்று யாரையும் பார்க்காமல் எல்லோரிடமும் பிடுங்குகிறது. மற்றது யாரையும் பார்க்காமல் எல்லோருக்கும் விட்டுக்கொடுக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டியவரும், நெஞ்சு நோயால் கட்டாமல் போனவரும், வசதி இருந்து தேர்தலுக்காகக் காத்திருந்தவரும் இரண்டிலும் ஒரே வரிசைதான்.

அரசாங்கம் நமக்குத் தர வேண்டியதையும் இதே கண்ணால் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருமான வரிச் சட்டத்தில், வரி கட்டத் தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. நாம் கூடுதலாகக் கட்டி, அரசாங்கம் திருப்பித் தரத் தாமதித்தால் மாதம் அரை சதவீதம். அதே பணம், அதே மாதம். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காலத்தின் விலை பாதியாகிறது.

*

அப்பா மனு எழுதினார். கையால், நான்கு பக்கம். பதிவேட்டுப் பக்கத்தின் நகலை அதிகாரியே எடுத்துக் கொடுத்தார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் திருவண்ணாமலைக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போனார். நான் காரில் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "உனக்கு லீவு எதுக்குடா வீண்" என்றுவிட்டார். ஐந்து மாதம் ஆனது. அபராத வட்டியையும் நோட்டீஸ் செலவையும் நீக்கி, சாதாரண வட்டியோடு 17,200 ரூபாய், நான்கு தவணை என்று முடிவானது. ஒரு தாளில் வருடவாரியாகக் கணக்கும் வந்தது. சித்தி கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த வருசம்தான் அவரு ஆஸ்பத்திரில இருந்தாரு" என்றார்.

தவணையை நான் கட்டுகிறேன் என்று மறுபடியும் கேட்டேன். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. நெய்த கூலியிலிருந்து மூன்று தவணை கட்டியாகிவிட்டது. நாலாவது, தீபாவளி பாவு அறுத்த பிறகு.

இப்போது இருக்கும் வேலையிலும் நான் ஒரு நிலுவை வசூல் மென்பொருளில்தான் இருக்கிறேன். போன மாதம் 'குறிப்பு' என்று ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும், அதில் எழுதாமல் இறுதி நோட்டீஸ் போகக்கூடாது என்று கேட்டேன். கட்டம் அடுத்த வெளியீட்டில் வருகிறது. கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள், வேலை தாமதமாகுமாம். இந்த வாரம் மறுபடியும் மெயில் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை பதில் பத்து நிமிஷத்தில் வரவில்லை.